வழக்கு முடியும்வரை அந்த வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஏ9 வீதியிலோ பருத்தித்துறை வீதியிலோ நடக்கும் விபத்தைப் பற்றிய செய்தி பெரும்பாலும் 'தலையில் படுகாயமடைந்த நிலையில் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார்' என்ற வரியோடு முடிந்துவிடுகிறது. அவர் இறந்தால் மறுநாள் இன்னொரு செய்தி வரும். உயிர் தப்பினால் எதுவும் வராது. அப்படி உயிர் தப்பியவர்களில் ஒருவர் என் தங்கையின் மகன். மேசன் வேலை முடித்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும்போது பின்னால் வந்த வாகனம் மோதியதில் தூக்கி எறியப்பட்டவர்.

மூளைக் காயத்தின் கடுமையை வைத்தியர்கள் கிளாஸ்கோ அளவுகோலால் அளக்கிறார்கள். கண் திறத்தல், பேச்சு, உடல் அசைவு ஆகிய மூன்றுக்கும் இடும் புள்ளிகளின் கூட்டுத்தொகை 15 என்றால் முழு நினைவு. 8 அல்லது அதற்குக் கீழே என்றால் கடுமையான காயம். மருமகனுக்கு 6 என்றார்கள். வீக்கத்தால் மூளை நெருக்குண்டு மேலும் பழுதாகாமலிருக்க மண்டையோட்டின் ஒரு பகுதியை அகற்றி வைத்தார்கள். பல நாட்களுக்குப் பின் அவர் கண் விழித்தபோது, "கண் முழிச்சிட்டான், இனிப் பயமில்லை" என்று ஊரே சொன்னது. பயப்பட வேண்டியவை அதற்குப் பிறகுதான் தொடங்கின என்பதை எங்களுக்கு எவரும் சொல்லவில்லை. நெற்றிப்புற மூளை அடிபட்டவர்களுக்குக் குணமே மாறிவிடும் என்பதையும், மனைவியின் பெயரை மறந்தவர் பத்து வருடத்துக்கு முந்தைய கூலிக் கணக்கைச் சரியாகச் சொல்லக்கூடும் என்பதையும், காரணமில்லாமல் கோபம் வரும், வலிப்பு வரும் என்பதையும் வீட்டில் பார்த்தே அறிந்துகொண்டோம்.

இந்தக் காயம் தேறுவதற்கென்று ஒரு காலம் இருக்கிறது. முதல் ஆறு மாதங்களில் முன்னேற்றம் வேகமாகவும், பின்னர் இரண்டு ஆண்டுகள் வரையும் அதற்கு மேலும் மெதுவாகவும் நிகழலாம். எனவே நிரந்தர அங்கவீனம் எவ்வளவு, இனி உழைக்க முடியுமா, வாழ்நாள் முழுவதும் துணை வேண்டுமா என்பவற்றை எந்த வைத்திய நிபுணரும் ஆரம்பத்திலேயே எழுதித் தர முடியாது. அது தெரியாமல் நட்டஈட்டைச் சரியாகக் கணக்கிடவும் முடியாது. ஆனால் வீட்டில் பணம் தேவைப்படுவது அந்த முதலாவது ஆண்டில்தான்.

எங்கள் நாட்டில் அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம்; அந்த வகையில் நாங்கள் கொடுத்து வைத்தவர்கள். செலவு நோயாளி வீட்டுக்கு வந்த பிறகே வருகிறது. பம்பஸ், குழாய்வழி கொடுக்கும் மாவு, படுக்கைப்புண் வராமலிருக்க காற்று மெத்தை, கிழமைக்கு இரண்டு தடவை பயிற்சிக்குக் கொண்டுபோகும் ஓட்டோக் கூலி. உழைத்தவர் படுத்துவிட்டார், தையல் வேலை செய்த மனைவி அவரை விட்டு அசைய முடியாததால் அந்த வருமானமும் நின்றது. நான்காவது மாதம் தாலிக்கொடி அடகுக்குப் போனது, அதன் பிறகு மீற்றர் வட்டி.

ஆறாவது மாதத்தில் எதிர்த்தரப்பின் சார்பில் இருவர் வந்தார்கள். மரியாதையாகவே பேசினார்கள். வழக்கு என்றால் வருடக்கணக்கில் இழுபடும், சமாதானமாக முடித்துக்கொள்வோம் என்று ஒரு தொகையைச் சொன்னார்கள். கடனில் பாதியைக்கூட அடைக்கப் போதாத தொகை அது. இனி எந்த உரிமையும் கோரமாட்டோம் என்ற பத்திரத்தில் தங்கை கையெழுத்திட்டாள். மருமகனின் பெருவிரலும் பதியப்பட்டது. தான் எதற்கு விரல் வைக்கிறேன் என்பதை விளங்கிக்கொள்ளும் நிலையில் அவர் இருக்கவில்லை. 'வாங்கிக்கொள்' என்று சொன்னவன் நான்தான் என்பதையும் இங்கே எழுதத்தான் வேண்டும். அன்று அடுப்பு எரிய வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

அமெரிக்காவில் இப்படிப்பட்ட குடும்பங்களுக்கு வழக்கு நடக்கும்போதே முன்பணம் கொடுக்கும் கம்பனிகள் இருக்கின்றன. வென்றால் திருப்பிக் கொடுக்க வேண்டும், தோற்றால் வேண்டியதில்லை. கேட்க நன்றாக இருந்தாலும், மாதந்தோறும் ஏறும் கட்டணம் சில ஆண்டுகளில் நட்டஈட்டின் பெரும்பகுதியை விழுங்கிவிடக்கூடும். நுண்கடனால் வடக்கில் எத்தனை குடும்பங்கள் நொந்தன என்பதைக் கண்ட நாங்கள் அதை இங்கே வரவேற்க வேண்டியதில்லை. இங்கிலாந்தின் முறையே நியாயமாகப் படுகிறது. எதிர்த்தரப்பு பொறுப்பை ஏற்றாலோ, வழக்காளிக்குக் கணிசமான தொகை கிடைக்கும் என்று நீதிமன்றம் திருப்திப்பட்டாலோ, இறுதித் தீர்ப்புக்கு முன்பே ஒரு பகுதியைக் கொடுக்கும்படி நீதிபதி கட்டளையிடலாம். கொடுத்தது பின்னர் மொத்தத்தில் கழிக்கப்படும், வட்டி கிடையாது. இந்தியாவிலும் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, வாகன விபத்தில் கடுங்காயமடைந்தவர் எவர் பிழை என்று நிரூபிக்காமலே இரண்டரை இலட்சம் இந்திய ரூபாய் கோரலாம்.

எங்கள் நாட்டிலும் 1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி மூன்றாம் தரப்புக் காப்புறுதி இல்லாமல் எந்த வாகனமும் வீதியில் ஓட முடியாது. ஆகவே பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கே இடமில்லை. அது எப்போது வரும் என்பதே கேள்வி. கடுமையான மூளைக் காயம் என்று அரசாங்க வைத்தியர் உறுதிப்படுத்திய சில கிழமைகளுக்குள் ஒரு முதற்கட்டத் தொகை வீட்டுக்குக் கிடைக்கச் சட்டம் வழிசெய்ய வேண்டும். சுயநினைவு சரியில்லாத ஒருவரின் பெயரில் செய்யப்படும் எந்தச் சமாதானமும் நீதிபதி பார்த்து ஒப்புக்கொள்ளாமல் செல்லக்கூடாது. எங்கள் பாராளுமன்ற உறுப்பினர்களில் சட்டத்தரணிகள் பலர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவராவது இதைக் கையிலெடுக்க வேண்டும்.

நட்டஈட்டு வழக்கைப் பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்துவிட வேண்டும். கட்டிலருகே விழித்திருப்பவர்களுக்கு இரண்டு ஆண்டுகள் போவதே தெரியாது. வருமானம் குறைந்தவர்களுக்கு 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு சட்டத்தரணியை ஒழுங்குசெய்து தரும்; யாழ்ப்பாணத்திலும் அதன் நிலையம் இருக்கிறது. அது அரிசி வாங்கித் தராது என்றாலும், அந்தப் பத்திரத்தில் கையெழுத்திடுவதற்கு முன் ஒருவரிடம் காட்டியிருக்கலாம். எனக்கு அப்போது அது தெரியாது. தங்கள் பத்திரிகை விபத்துச் செய்திகளை வெளியிடும்போது, இந்த இரண்டு விடயங்களையும் அதன் கீழே இரண்டு வரியில் சேர்க்க முடியுமானால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
சாவகச்சேரி.