செயலாளரின் ஆண்டறிக்கை: பெயர்ப் பதிவேட்டில் அடித்த கோடுகள்

மதிப்பிற்குரிய தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் மழையால் ஒருமுறை தள்ளிப்போனது தவிர ஒழுங்காக நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நாற்காலி பற்றிய புகார் போன ஆண்டு இருந்த நிலையிலேயே இருக்கிறது. இனி, மண்ணிலும் சருகிலும் வாழும் துள்ளும் சிற்றுயிரான ஸ்பிரிங்டெயில் பற்றிப் பேசலாம். இந்த ஆண்டின் பெரும்பகுதியை அதுதான் எடுத்துக்கொண்டது.

போன பொதுக்கூட்டத்தில் நம் ஸ்பிரிங்டெயில் பெயர்ப் பதிவேட்டைப் புரட்டிய ஓர் உறுப்பினர், "இந்தப் பெயர்களுக்கெல்லாம் என்ன ஆதாரம்?" என்று கேட்டது நினைவிருக்கும். பல பெயர்களுக்கு ஆதாரம் நிறம்தான். புகைப்படத்தில் ஊதா, பழுப்பு, மஞ்சள் பட்டை என்று தெரிந்தது, படத்தோடு ஒத்துப்போன ஒரு பெயரை எழுதிவிட்டோம். ஒரே இனத்துக்குள்ளேயே நிறம் மாறும். குஞ்சு ஒரு மாதிரி, வளர்ந்தது வேறு மாதிரி. ஆல்கஹாலில் சில நாள் கிடந்தால் வெளுத்தும் போகும். ஆகவே உடற்கூற்றைப் பார்த்து எழுதிய குறிப்பு இல்லாத பெயரை இனத்திலிருந்து பேரினத்துக்கோ குடும்பத்துக்கோ இறக்குவது என்று முடிவு செய்தோம். டைசிர்டோமினா சாண்டர்சி என்ற இனம் மாதிரி பின்முதுகின் கருந்திட்டை வைத்தே சொல்லக்கூடிய சிலவற்றுக்கு விலக்கு கொடுத்தோம். அந்தப் பட்டியல் சிறியது. அதை நீட்டச் சொல்லி வந்த கோரிக்கைகளை நான் ஏற்கவில்லை.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். ஆறு கால் உண்டு, ஆனாலும் இப்போது இதைப் பூச்சி வகுப்பில் சேர்ப்பதில்லை. வாயுறுப்புகள் தலைக்குள்ளே மறைந்திருக்கும். வயிற்றில் ஆறே கண்டங்கள். முதல் கண்டத்தின் அடியில் ஒரு குழாய், மூன்றாவதில் ஒரு சிறு கொக்கி, நான்காவதில் ஃபர்க்கா என்ற கவைக்கோல். கவைக்கோல் வயிற்றுக்கடியில் முன்னோக்கி மடிந்து கொக்கியில் மாட்டியிருக்கும். விடுபட்டதும் தரையை அறைந்து உடலைத் தூக்கி எறியும். இந்த உயிர்க்கூட்டத்துக்குக் கொலம்போலா என்று 1870-இல் பெயர் வைத்தவர் ஜான் லப்பக். கிரேக்கத்தில் பசை, முளை என்ற இரண்டு சொற்களைச் சேர்த்தது. அந்த முளை அடிவயிற்றுக் குழாய்தான். ஒட்டிக்கொள்ளவும் அது உதவும், ஆனால் உடலின் நீரையும் உப்பையும் சரிக்கட்டுவதே அதன் முக்கிய வேலை என்று பிற்பாடு தெரிந்தது. பெயர் மட்டும் பசையிலேயே நின்றுவிட்டது.

குடும்பத்துக்கு மேல்நிலையான வரிசையை (ஆர்டர்) பிரிப்பதில் இப்போது யாருக்கும் தடுமாற்றம் இல்லை. உருண்டையா, நீளமா என்று முதலில் பார்க்கிறோம். நீளமானால் முதல் மார்புக் கண்டத்தை மேலிருந்து பார்க்க வேண்டும். அது தெளிவாகத் தெரிந்து அதில் மயிர்களும் இருந்தால் பொடுரோமார்ஃபா. சுருங்கி, மயிரில்லாமல், அடுத்த கண்டத்துக்கடியில் ஒளிந்திருந்தால் எண்டோமோபிரையோமார்ஃபா. உருண்டையில் உணர்கொம்பு தலையைவிடக் குட்டையாக இருந்து கண்ணும் இல்லையென்றால் நீலிப்ளியோனா, மற்றவை சிம்ஃபிப்ளியோனா.

சிக்கல் அதற்கப்புறம், குடும்பத்தைப் பிரிப்பதில்தான். நான்காம் வயிற்றுக் கண்டம் மூன்றாவதைவிட மிக நீளமென்றால் எண்டோமோபிரையிடே, இரண்டும் ஏறக்குறைய சமமென்றால் ஐசோடோமிடே என்று ஒரு மாதம் பாடம் நடத்தினோம். அடுத்த மாதமே உடல் முழுக்கச் செதில், நீண்டு வளையும் உணர்கொம்பு, நான்காவதைவிடக் குட்டையாக இல்லாத மூன்றாம் கண்டம் என்று டோமோசெரிடே ஒன்று வந்து சேர்ந்தது. ஐசோடோமிடேயில் செதில் கிடையாது என்பதைப் பாடத்தில் சொல்ல மறந்திருந்தோம். செதிலிலும் ஒரு பொறி உண்டு. ஆல்கஹாலில் குலுங்கினால் உதிர்ந்துவிடும். செதில் உட்கார்ந்திருந்த குழிகளைத் தேடிப் பார்த்த பிறகுதான் இல்லை என்று எழுதலாம்.

உணர்கொம்பும் ஏமாற்றும். பொதுவாக நான்கு கண்டங்கள், ஆர்க்கிசெல்லா என்ற பேரினத்தில் முதல் இரண்டும் பிரிந்து ஆறாகத் தெரியும். ஒடிந்த கொம்பு திரும்ப வளரும்போது கண்டங்கள் குறைந்துவிடலாம். இடது பக்கம் ஆறு, வலது பக்கம் நான்கு என்று ஒரே உயிரை இரண்டு பேரினமாக எழுதி வைத்திருந்த தாள் ஒன்று நம் கோப்பில் இருக்கிறது. எழுதியவர் பெயரைச் சொல்ல மாட்டேன்.

என் பெயரைச் சொல்லியாக வேண்டும். அலமாரியில் இருக்கும் வளர்ப்புப் பெட்டிக்கு ஃபோல்சோமியா கேண்டிடா என்று சீட்டு ஒட்டியவன் நான்தான். வெள்ளை, கண் இல்லை, பெட்டியில் பெருகுகிறது. மண் நச்சுச் சோதனைக்கு ஆய்வகங்களில் வளர்க்கும் இனமும் அப்படித்தான் இருக்கும், வேறென்னவாக இருக்க முடியும் என்று நினைத்தேன். இந்த ஆண்டு அதில் ஒன்றை ஸ்லைடில் ஏற்றினார்கள். கவைக்கோலே இல்லை. யோசித்துப் பார்த்தால், அந்தப் பெட்டியில் எதுவும் துள்ளி நாங்கள் யாரும் பார்த்ததில்லை! ஃபோல்சோமியாவில் வயிற்றின் கடைசி மூன்று கண்டங்கள் ஒன்றாக இணைந்திருக்கும், இதிலோ ஆறும் தனித்தனி. உணர்கொம்புக்குப் பின்னால் உள்ள உணர்வுறுப்பு ஃபோல்சோமியாவில் ஒற்றை நீள்வட்டம், இதில் சிறு கொப்புளங்களின் வரிசை. கொம்பின் அடியிலும் முதுகிலும் பொய்க்கண்கள் வேறு. பெயர்தான் கண், பார்வைக்கும் அதற்கும் தொடர்பில்லை. சீண்டினால் தற்காப்புத் திரவம் கசியும் துளைகள் அவை. ஆக, இது ஓனிக்கியூரிடே குடும்பம். இனத்தை எட்ட வேண்டுமானால் தலை, மார்பு, வயிறு என்று கண்டம் கண்டமாக ஒரு பக்கத்துப் பொய்க்கண்களை எண்ணி வாய்பாடாக எழுத வேண்டும். இரண்டு பேர் எண்ணினார்கள், இரண்டு விடை வந்தது. சீட்டில் இப்போது குடும்பப் பெயர் மட்டும் இருக்கிறது.

ஸ்லைடு தயாரிப்பில் கொஞ்சம் தேறியிருக்கிறோம். நிறைய இடங்களில் குளோரல் ஹைட்ரேட்டுக்குக் கட்டுப்பாடு இருப்பதால், அது கலந்த ஹாயர் என்ற ஸ்லைடு ஊடகத்தை விட்டுவிட்டோம். குழி ஸ்லைடில் லாக்டிக் அமிலம் விட்டு, மெல்லச் சூடாக்கி, கவர் ஸ்லிப்பால் குழியைப் பாதி மூடிப் பார்க்கிறோம். ஸ்லிப்பை லேசாக நகர்த்தினால் உள்ளே இருப்பது உருளும். முதுகு, பக்கம், வயிறு மூன்றையும் ஒரே மாதிரியில் பார்த்துவிடலாம். பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் அதிக நேரம் விட்டதில் இரண்டு மாதிரிகள் வெறும் நிழலாகிவிட்டன. அதைவிடப் பெரிய இழப்பு, ஒரு பெட்டிக் குப்பிகளுக்குப் பால்பாயிண்ட் பேனாவால் எழுதிய சீட்டுகள். ஆல்கஹால் எழுத்தைக் கரைத்துவிட்டது. எங்கே, எப்போது எடுத்தது என்று தெரியாமல் அத்தனையும் பயிற்சிப் பொருளாகிப் போயின. இனி பென்சில் மட்டும், சீட்டு குப்பிக்குள்ளே.

விவரிப்புத் தாளையும் மாற்றி எழுதினோம். 'நீளமான உணர்கொம்பு', 'சிறிய நகம்' என்ற வார்த்தைகளுக்கு இனி இடமில்லை. கொம்பு தலையின் நீளத்தைப்போல் எத்தனை மடங்கு, கவைக்கோலின் கிளை, அதன் நுனியிலுள்ள நுனிக்கொக்கியைப்போல் எத்தனை மடங்கு என்று அளந்து எழுத வேண்டும். கண்கள் ஒரு பக்கத்துக்கு எத்தனை (எட்டுக்கு மேல் போகாது), நகத்தின் உட்புறப் பற்கள் எத்தனை, நகத்துக்கு மேலுள்ள பிடிமயிரின் நுனி கூரா தட்டையா, நுனிக்கொக்கிக்குப் பல் எத்தனை, அடியில் முள் உண்டா. இவற்றில் பலவற்றுக்கு 400 மடங்காவது பெருக்கம் தேவை. தாளில் எனக்கு மிகப் பிடித்தது ஒரு சிறு திருத்தம்: 'இல்லை' என்பதும் 'தெரியவில்லை' என்பதும் இப்போது தனித்தனிக் கட்டங்கள். பழைய தாள்களில் பாதி 'இல்லை'கள் உண்மையில் தெரியாதவைதான்.

அளவை வைத்து வயதைச் சொல்வதையும் நிறுத்தினோம். ஸ்பிரிங்டெயில் வளர்ந்து முதிர்ந்த பிறகும் சாகும்வரை தோலுரிக்கும். வளர்ந்ததா என்று அறிய இனப்பெருக்கத் துளையைத்தான் பார்க்க வேண்டும்.

ஓர் உறுப்பினர் புதிய இனம் கண்டுபிடித்துவிட்டதாக உற்சாகமாகக் கடிதம் எழுதினார். இதுவரை விவரிக்கப்பட்டவை 9,000-க்கு மேல். அவர் கையில் இருந்தது ஒரே ஒரு மாதிரி, அதிலும் கவைக்கோல் ஒடிந்தது. உடற்கூற்றில் ஒன்றுபோலவே இருந்து மரபணுவில் பிரியும் கூட்டங்களும் உண்டு. அதனால் அவசரப்பட வேண்டாம், அதே இடத்தில் இன்னும் சிலவற்றை எடுத்து வாருங்கள் என்று பதில் போட்டேன். அவர் கோபப்பட்டிருந்தால் அதில் நியாயம் உண்டு, ஆனால் பதிலை மாற்ற மாட்டேன்.

பதிவேட்டில் இப்போது சிவப்புக் கோடுகளே அதிகம். இனப் பெயர்கள் குறைந்துவிட்டதே என்று வருந்தியவர்கள், கோட்டுக்குப் பக்கத்தில் எழுதியுள்ள காரணத்தையும் படிக்கவும்.

வரும் ஆண்டுக்கு ஸ்லைடு காப்பாளர் என்று ஒரு பொறுப்பு தேவை. குப்பிகளில் ஆல்கஹால் வற்றாமல் பார்த்துக்கொள்வதும் அவர் வேலை. பொய்க்கண் எண்ணுவதற்கு மூன்றாவது ஆளும் வேண்டும். விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுக்கலாம். இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு அவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்