செயலாளர் ஆண்டறிக்கை 2025–26: முதல் வண்டி கிளம்பக் கூடாது

தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், முன்வரிசையில் இருக்கும் மூத்த ஓட்டுநர்களுக்கும், டூட்டி முடித்த கையோடு யூனிஃபார்மிலேயே வந்து உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரை நம் கும்பகோணம் ஆம்புலன்ஸ் ஓட்டுநர் சங்கம் செய்ததும் செய்யாமல் விட்டதும் இதில் இருக்கிறது. வழக்கமானதை முதலில் முடித்துவிடுகிறேன். மாதக் கூட்டம் 11 நடந்தது. அக்டோபர் கூட்டம் தீபாவளியில் கரைந்து போனது. புதிதாக 9 பேர் சேர்ந்திருக்கிறார்கள், அதில் 4 பேர் பெண்கள். மூத்த ஓட்டுநர் ஒருவரை ஆடி மாதம் இழந்தோம். நல நிதி அவர் வீட்டில் சேர்க்கப்பட்டது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார், அதில் நான் கை வைக்கவில்லை.

மீதி அறிக்கை முழுக்க பேரிடர் பயிற்சி பற்றித்தான். "செயலாளருக்கு இதே பேச்சு" என்று சிலர் சலித்துக்கொள்வது என் காதுக்கும் வந்தது. என்ன செய்ய, 2028 மாசியில் மகாமகம் வருகிறது. 1992 மகாமகத்தில் குளக்கரை நெரிசலில் ஏறக்குறைய 50 பேர் இறந்தார்கள். 2004 ஜூலை 16 அன்று காசிராமன் தெருப் பள்ளித் தீயில் 94 குழந்தைகள். அப்போது தமிழ்நாட்டில் 108 கிடையாது, அது 2008 செப்டம்பரில்தான் வந்தது. 2022 ஏப்ரல் 27 விடியற்காலை தஞ்சாவூர் பக்கம் களிமேட்டில் தேர் உயர் அழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர். போன செப்டம்பர் 27 கரூரில் கூட்ட நெரிசலில் 41 பேர். கரூர் விஷயம் விசாரணையில் இருக்கிறது, அதில் கருத்துச் சொல்ல இது மேடை இல்லை. ஆனால் மறுநாள் காலை நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி போட்ட கேள்வியை இங்கே சொல்லத்தான் வேண்டும்: "அண்ணே, அங்க முதல்ல போய் நின்ன வண்டி நம்ம வண்டியா இருந்தா, நாம என்ன செஞ்சிருப்போம்?"

அந்தக் கேள்விக்கான பதில் எங்களுக்கு மே மாதமே கிடைத்திருந்தது. அது நல்ல பதில் இல்லை.

மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் வருவதற்கு முன்னால், காவிரிப் படித்துறை ஒன்றில் முதல் ஒத்திகையை வைத்தோம். நர்சிங் மாணவிகளும் நம் உறுப்பினர்களின் பிள்ளைகளுமாக 20 பேர் காயம்பட்டவர்களாக நடித்தார்கள். ரத்தத்துக்கு பீட்ரூட் சாறில் சர்க்கரைப் பாகு கலந்தோம். அது என் யோசனைதான். பத்து நிமிடத்தில் எறும்பு வந்துவிட்டது, காயம்பட்டவர்கள் எழுந்து குதித்தார்கள். துடைத்துவிட்டு, அவரவர் கழுத்தில் மூச்சும் நாடியும் எழுதிய அட்டையைத் தொங்கவிட்டு மறுபடி படுக்க வைத்தோம்.

முதல் வண்டி வந்தது. கை ஒடிந்ததாக நடித்த பையன் ஊரைக் கூட்டிக் கத்தினான். ஓட்டுநரும் உதவியாளரும் நேராக அவனிடம் ஓடி, தூக்கி, வண்டியில் போட்டு, சைரன் போட்டுக் கிளம்பிவிட்டார்கள். மொத்தம் 4 நிமிடம். நல்ல வேகம்தான். ஆனால் மீதி 19 பேர் எங்கே, என்ன நிலையில் என்று யாருக்கும் தெரியாது. அடுத்து வந்த வண்டியும் ஆரம்பத்திலிருந்துதான் தொடங்கியது. மண்டபத் தூணுக்குப் பின்னால் ஒரு பெண் படுத்திருந்தாள், அட்டையில் 'மூச்சு நிமிடத்துக்கு 36' என்று இருந்தது. சிவப்பு நாடா கட்டி, உடனே கவனிக்க வேண்டிய ஆள். அவளை 11 நிமிடம் கழித்துத்தான் பார்த்தார்கள். நிழலும் காற்றுமாக இருந்ததில் அவள் நிஜமாகவே தூங்கிப் போயிருந்தாள். எல்லோரும் சிரித்தோம். பயிற்சி கொடுத்த ஓய்வுபெற்ற டாக்டர் ஐயா மட்டும் சிரிக்கவில்லை.

அவர் அன்று சொன்னதுதான் இந்த ஆண்டு முழுக்க நாங்கள் படித்த பாடம். முதல் வண்டி கிளம்பக் கூடாது. ஒருவரைக்கூட ஏற்றாமல், நின்று, எண்ணி, தகவல் சொல்லி, அடுத்து வருகிறவர்களுக்கு வழிகாட்ட வேண்டும். நமக்கு இது ரத்தத்திலேயே இல்லாத பழக்கம். அடிபட்டவரைத் தூக்கு, ஓடு என்றுதான் இத்தனை வருடம் பழகியிருக்கிறோம். அந்த ஓட்டுநர் கேட்டதும் நியாயம்தான்: "கத்துற புள்ளைய விட்டுட்டுச் சும்மா நின்னா ஜனம் நம்மள அடிக்காதா?" அடிக்கும். அதனால் இரண்டாவது ஒத்திகையிலிருந்து ஒருவர் கையில் மெகாஃபோன் கொடுத்து, கூட்டத்திடம் பேசுவது மட்டுமே அவர் வேலை என்று வைத்தோம். முதல் வண்டியின் சுழல் விளக்கு மட்டும் எரிய வேண்டும், பின்னால் வருகிற வண்டிகள் அணைத்துவிட வேண்டும். எது தலைமை வண்டி என்று தூரத்திலிருந்தே தெரியும். சாவி வண்டியிலேயே இருக்க வேண்டும், யார் வேண்டுமானாலும் நகர்த்தி வழிவிடுவதற்கு.

தகவல் சொல்லும் முறைக்கு ஆங்கிலத்தில் ஏழு எழுத்தில் ஒரு சூத்திரம் இருக்கிறது, பெயர் 'மீத்தேன்'. டாக்டர் கரும்பலகையில் எழுதியதும் வகுப்பில் ஒரே சலசலப்பு. டெல்டாவில் அந்தப் பெயரைச் சொன்னால் கொடி பிடிக்கிற ஆட்கள் நாம். சரி, பெயர் வேண்டாம், விஷயத்தை எடுத்துக்கொண்டோம். பெரிய விபத்துதான் என்று முதல் வார்த்தையிலேயே அறிவிப்பது, சரியான இடம், என்ன வகை விபத்து, இன்னும் என்ன ஆபத்து இருக்கிறது, எந்தத் தெரு வழியாக வண்டி வரலாம், எத்தனை பேர், இன்னும் யார் யார் வேண்டும். நம் ஊர்த் தெருக்களுக்கு ஐந்தாவதுதான் உயிர். எல்லா வண்டியும் ஒரே தெருவுக்குள் நுழைந்தால் ஒன்றுகூட வெளியே வராது.

யாரை முதலில் கவனிப்பது என்று நாடா கட்டிக் கலர் பிரிப்பதை எல்லோரும் இப்போது ஓரளவு கற்றுக்கொண்டார்கள்: சிவப்பு உடனே, மஞ்சள் அடுத்து, பச்சை காத்திருக்கலாம், கறுப்பு பிழைக்க வழியில்லை. 1983-ல் கலிஃபோர்னியாவில் ஒரு தீயணைப்புத் துறையும் மருத்துவமனையும் சேர்ந்து உண்டாக்கிய முறை இது. ஒருவருக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் செலவழிக்கக் கூடாது. "நடக்க முடிஞ்சவங்க எல்லாரும் இந்தப் பக்கம் வாங்க" என்று குரல் கொடுத்தால் எழுந்து வருகிறவர்கள் பச்சை. மூச்சு நின்றிருந்தால் தலையைச் சாய்த்து மூச்சுக்குழலைத் திறந்து பார்ப்பது. அப்போதும் வரவில்லை என்றால் கறுப்பு. திறந்ததும் மூச்சு வந்தால் சிவப்பு. மூச்சு 30-ஐத் தாண்டினாலும், மணிக்கட்டில் நாடி கிடைக்காவிட்டாலும், சொன்னதைச் செய்ய முடியாவிட்டாலும் சிவப்பு. மற்றவர்கள் மஞ்சள். நகத்தை அழுத்தி விட்டால் 2 நொடிக்குள் ரத்தம் திரும்புகிறதா என்று பார்க்கும் வழியும் உண்டு, ஆனால் மருதாணி விரலிலும் ராத்திரி வெளிச்சத்திலும் அது உதவவில்லை. நாடியே மேல் என்று முடிவு செய்தோம்.

குழந்தைகளுக்கான முறை கொஞ்சம் வேறு. மூச்சு நின்றிருந்து நாடி இருந்தால், கறுப்பு கட்டுவதற்கு முன் 5 முறை மூச்சு ஊதிப் பார்க்க வேண்டும். அந்த வகுப்பு தொடங்கியதும் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டார். 2004-ல் அவர் இந்த ஊரில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர். டீக்கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார், யாரும் கூப்பிடவில்லை. அப்புறம் தானே வந்து, பொம்மையின் முன்னால் முட்டி போட்டு, "எத்தனை ஊதணும்னு சொன்னீங்க?" என்று கேட்டார்.

கறுப்பு நாடா விதியும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. நடவு வயலில் மின்னல் தாக்கிப் பலர் விழுந்தால் வரிசையே தலைகீழ்: மூச்சு நின்றவர்களிடம்தான் முதலில் போக வேண்டும், ஏனென்றால் உடனே நெஞ்சை அழுத்தினால் அவர்கள் பிழைக்க வாய்ப்பு அதிகம். மற்றவர்கள் பெரும்பாலும் தாங்குவார்கள். மின்கம்பி விஷயத்தில் இன்னும் ஒரு படி முன்னால்: லைன் ஆஃப் ஆனது உறுதியாகும் வரை யாரும் கிட்டே போகக் கூடாது, நாமும்தான்.

இந்த மாசி மகத்தன்று மகாமகக் குளக்கரையில் 14 பேர் தன்னார்வமாக நின்றோம். வெயிலில் தலைசுற்றி உட்கார்ந்தவர்கள், படியில் வழுக்கியவர்கள், அவ்வளவுதான். ஆனால் அன்று கண்ணில் பட்ட ஒரு விஷயம் எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் இருக்காது. குளித்துவிட்டு ஏறுகிற பாதிப் பேர் மணிக்கட்டில் ஏற்கெனவே சிவப்புக் கயிறு, மஞ்சள் கயிறு, கறுப்புக் கயிறு! நாங்கள் டெய்லர் கடையில் வாங்கிவைத்த நாடாவும் அதே அகலம். இதை வைத்துக் கலர் பிரித்தால் கும்பகோணமே சிவப்பு. நாடாவை நான்கு விரல் அகலமாக்கி, மேற்கையில் கட்டுவது என்று அன்றே மாற்றினோம். ஈர உடம்பில் பால்பாயிண்ட் பேனா எழுதவில்லை, மார்க்கர் வாங்க வேண்டும்.

நெரிசலைப் பற்றி நாங்கள் நினைத்திருந்ததும் தவறு. பெரும்பாலும் மிதிபட்டுச் சாவதில்லை. நின்ற நிலையிலேயே நெஞ்சு நெருக்கப்பட்டு மூச்சு விட முடியாமல் சாகிறார்கள். ஒரு சதுர மீட்டரில் 5 பேருக்கு மேல் போனாலே ஆபத்து ஆரம்பம். அப்படியானால் நமக்கு முதலில் வேண்டியது ஆக்சிஜன். ஒரு பி டைப் சிலிண்டரில் 1500 லிட்டர், நிமிடத்துக்கு 10 லிட்டர் விட்டால் ஒருவருக்கு இரண்டரை மணி நேரம். 5 பேருக்குப் பங்கு போட்டால் அரை மணி நேரம். இப்போது நம் வண்டிகளில் எத்தனை சிலிண்டர் நிரம்பி இருக்கிறது என்று நான் கேட்கப் போவதில்லை, அவரவர் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நடக்காத காரியம் ஒன்று. லேசான காயக்காரர்கள் ஆட்டோ பிடித்துப் பக்கத்து மருத்துவமனைக்கு முதலில் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். சிவப்பு நாடாக்காரர் போகும்போது அங்கே இடம் இருக்காது. ஆகவே யாரை இங்கே அரசு மருத்துவமனைக்கு, யாரைத் தனியாருக்கு, யாரை 40 கிலோமீட்டர் தள்ளி தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்கு என்று பிரித்து அனுப்ப ஒரு பட்டியல் வேண்டும். படுக்கை, வென்டிலேட்டர் எண்ணிக்கை கேட்டு ஏறி இறங்கினோம். பலர் கொடுத்தார்கள். ஓர் இடத்தில் மூன்று முறை போயும் வரவேற்பு மேசையைத் தாண்ட விடவில்லை, பெயர் வேண்டாம். பட்டியல் அரைகுறையாகத்தான் இருக்கிறது.

108 தம்பிகள் 12 மணி நேர டூட்டி முடித்து, தூங்காமல் வந்து பயிற்சியில் நின்றார்கள். அவர்களுக்கு டீ, வடை தவிர நாம் எதுவும் செய்யவில்லை. வரும் ஆண்டு பயணச் செலவாவது கொடுக்க வேண்டும் என்று இந்தக் கூட்டத்தில் தீர்மானம் வைக்கிறேன். அடுத்த ஒத்திகை மே மாதம், இம்முறை இரவில், படித்துறையில் ஏற்றி இறக்கும் வேலையோடு.

கடைசியாக, போன மே மாதம் எடுத்துப் போன இரண்டு ஸ்கூப் ஸ்ட்ரெச்சரில் ஒன்று இன்னும் திரும்பவில்லை. யார் வண்டியில் இருக்கிறதோ, கேள்வி எதுவும் கேட்க மாட்டோம், சங்க வாசலில் சாத்தி வைத்துவிட்டுப் போனால் போதும்.

இப்படிக்கு,
செயலாளர்