ஏழாவது செமஸ்டருக்கு முன்பே பார்த்துவிடுங்கள்

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளின் கல்வி ஆலோசகர்களுக்கும் ஃபுட்பால் பயிற்சியாளர்களுக்கும்,

வணக்கம். உங்கள் நாட்டில் பள்ளி அணிகளுக்காக அமெரிக்கன் ஃபுட்பால் ஆடும் மாணவர்கள் சுமார் பத்து லட்சம் பேர். அவர்களில் என்.சி.ஏ.ஏ. (கல்லூரி விளையாட்டை நெறிப்படுத்தும் அமைப்பு) கல்லூரி அணிகளுக்குப் போய்ச் சேருபவர்கள் நூற்றுக்கு ஏழு பேர் அளவில்தான். ஆட்டத்தில் தேறிய ஒரு மாணவர் பாடக் கணக்கில் கோட்டைவிடுவதை உங்களால் தடுக்க முடியும். அதற்காகவே இந்த மடல்.

அந்த அமைப்பின் மூன்று டிவிஷன்களில் மேல்மட்டமான முதல் டிவிஷனில் சேர்ந்த ஆண்டே களமிறங்க, அது ஏற்கும் 16 மையப் பாடங்கள் வேண்டும்: ஆங்கிலம் 4, கணிதம் 3, அறிவியல் 2, இந்த மூன்றில் ஏதாவது ஒன்றில் கூடுதலாக 1, சமூக அறிவியல் 2. மீதி 4 இவற்றிலோ வேற்றுமொழியிலோ இருக்கலாம். 16 என்ற எண்ணிக்கை எல்லோருக்கும் தெரியும், இடறுவது காலக்கெடுவில். பத்துப் பாடங்களை ஏழாவது செமஸ்டர் தொடங்கும் முன்பே, அதாவது பன்னிரண்டாம் வகுப்புக்குள் நுழையும் முன்பே, முடித்திருக்க வேண்டும். அவற்றில் ஏழு ஆங்கிலம், கணிதம், அறிவியலாக இருக்க வேண்டும். அந்த செமஸ்டர் தொடங்கிவிட்டால் இந்தப் பத்தின் கிரேடுகளும் உறைந்துவிடும். பிறகு மறுபடி படித்து ஏ வாங்கினாலும் கணக்கில் ஏறாது. ஒன்பதாம் வகுப்பில் அல்ஜீப்ராவில் டி வாங்கியவர் அதைச் சரிசெய்ய பதினொன்றாம் வகுப்பு முடிந்த கோடைதான் கடைசி வாய்ப்பு.

மையப் பாட ஜி.பி.ஏ. (ஏ-க்கு 4, பி-க்கு 3, சி-க்கு 2, டி-க்கு 1 என்ற கிரேடுப் புள்ளிகளின் சராசரி) 2.3 வேண்டும். 16 பாடங்களுக்கு அது 37 புள்ளி. பதினொரு சி, ஐந்து பி என்றால் சரியாக 37, தேறிவிடுவார். ஒரே ஒரு பி, சி-யாக இறங்கினால் 36 புள்ளி, 2.25. உதவித்தொகை பெறலாம், முதல் பருவத்தில் பயிற்சியும் செய்யலாம், ஆனால் முதல் ஆண்டு ஆட முடியாது. ப்ளஸ், மைனஸ் இந்தக் கணக்கில் இல்லை: சி ப்ளஸும் 2, பி மைனஸும் 3. எனவே சி ப்ளஸில் நிற்பவருக்குத் தேர்வுக்கு முன் இரண்டு வாரம் கூடுதல் கவனம் கொடுத்தால் ஒரு முழுப் புள்ளி கிடைக்கும். உடற்கல்வியில் வாங்கிய ஏ இதில் சேராது. பள்ளி அட்டையில் 3.0 இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

ஆலோசகர்களே, இரண்டு ஆண்டுகளாகப் பிரித்து நடத்தும் அல்ஜீப்ரா 1 ஒரே பாடமாகத்தான் எண்ணப்படும். தவறிய பாடத்தை இணையவழியில் அவசரமாக முடிக்கும் திட்டங்களில், ஆசிரியரோடு தொடர்ந்த தொடர்பு இல்லாதவற்றை என்.சி.ஏ.ஏ. ஏற்பதில்லை. உங்கள் பள்ளிக்கு என்.சி.ஏ.ஏ. அங்கீகரித்த பாடப் பட்டியலும் டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பதிவேட்டில்) அச்சாகும் பாடப் பெயரும் ஒத்துப்போக வேண்டும். பெயரை மாற்றிவிட்டுப் பட்டியலைப் புதுப்பிக்காமல் விட்டால் அந்தத் தவறுக்கு மாணவர்தான் விலை கொடுப்பார். 2023 முதல் எஸ்.ஏ.டி., ஏ.சி.டி. எனும் கல்லூரி நுழைவுத் தேர்வுகளின் மதிப்பெண் தகுதிக்குத் தேவையில்லை; முழுச் சுமையும் இப்போது இந்தப் பாடங்கள்மேல்தான்.

பயிற்சியாளர்களே, பதினொன்றாம் வகுப்புத் தொடக்கத்திலேயே கல்லூரிகளிடமிருந்து நேரடியாகக் கடிதம் வரலாம். அதற்குள் வீடியோ தயாராக இருக்கட்டும்: மூன்று முதல் ஐந்து நிமிடம், சிறந்த ஐந்து ஆட்டத் துணுக்குகள் முதலில், ஒவ்வொரு துணுக்கிலும் ஆட்டம் தொடங்கும் முன்பே, அடையாளம் தெரிய மாணவரைச் சுற்றி ஒரு வட்டம். இசை வேண்டாம். உயரத்தைக் கூட்டிச் சொல்லாதீர்கள், கல்லூரிகளின் தேர்வு முகாமில் அளந்துவிடுவார்கள்.

எல்லோரையும் முதல் டிவிஷனுக்கே காத்திருக்க வைப்பதும் அநியாயம். 2025 முதல் ஹவுஸ் வழக்குத் தீர்வை (என்.சி.ஏ.ஏ. மீது வீரர்கள் தொடுத்த வழக்கின் சமரசம்) ஏற்ற கல்லூரிகளில் ஃபுட்பால் அணிக்கு 105 பேர்தான். வேறு கல்லூரிக்கு மாற விரும்புவோரின் மாற்றல் பட்டியலில் வரும் அனுபவசாலிகளும் அதே இடங்களுக்குப் போட்டியிடுகிறார்கள். இரண்டாம் டிவிஷனுக்கு ஜி.பி.ஏ. 2.2 போதும். மூன்றாம் டிவிஷனில் விளையாட்டு உதவித்தொகை கிடையாது, ஆனால் படிப்புக்கும் குடும்ப வருமானத்துக்கும் ஏற்ற உதவி உண்டு. இவற்றைப் பெற்றோரிடம் பத்தாம் வகுப்பிலேயே, டிரான்ஸ்கிரிப்டை முன்னால் வைத்துக்கொண்டு, எண்ணிக் காட்டுங்கள். இலவச மதிய உணவுத் தகுதியுள்ள மாணவர்களுக்கு என்.சி.ஏ.ஏ. பதிவுக் கட்டண விலக்கும் உண்டு. அதைப் பள்ளி உறுதிசெய்தால்தான் செல்லும். கேட்கக் கூச்சப்படும் குடும்பங்களிடம் நீங்களே முதலில் சொல்லுங்கள்.

அன்புடன்,
மாணவர் நலன் விழையும் பெற்றோர்