மாப்ள, அந்த ராடை இப்ப வாங்காதே

மாப்ள,

வாங்கப்போற மீன்பிடி சாமானை எல்லாம் கார்ட்ல போட்டு நீ படம் அனுப்பி பன்னிரண்டு நாள் ஆச்சு. ஏன் பதில் போடலைன்னு காரணம் சொன்னா நீ நம்பமாட்டே, அதனால சொல்லப்போறதில்லை. இங்கே எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டிவலி பழையபடிதான். வாத்தியார் ரிடையர் ஆயிட்டாராம், பெல்பாட்டம் மட்டும் இன்னும் ஆகலை. போதும், விஷயத்துக்கு வரேன்.

அந்த ஆர்டர் பட்டனை அமுக்கிட்டியா? 7 அடி 3 அங்குலம் ஹெவி ராடு (தூண்டில் கம்பு), 65 பவுண்டு தாங்கற பிரெய்டு லைன், அதாவது பின்னின நூல், பதினோரு லூர், அதாவது பொய் இரை. அதில எட்டு க்ராங்க்பெயிட், நாக்கு வெச்ச மீன் பொம்மை. லூர் எல்லாம் நல்ல லூர், ராடும் நல்ல ராடு. ஆனா ரெண்டும் ஒரே வீட்டில குடித்தனம் பண்ணாது. டெக்சாஸ் ஃபிரிஸ்கோவுல பெரிய வீடு வாங்கின கையோட பெரிய ராடும் வாங்கணும்னு தோணியிருக்கு உனக்கு.

ராடைப் பார்த்து லூர் வாங்காதே. லூரைப் பார்த்துகூட ராடு வாங்காதே. முள்ளைப் பாரு, அதாவது லூர்ல இருக்கிற தூண்டில் கொக்கியை. நீ பிடிக்கப்போற பாஸ் மீன் கடிக்கிறதில்லை, வாயைத் திறந்து தண்ணியோட சேர்த்து உறிஞ்சுது. க்ராங்க்பெயிட்ல தொங்கறது மெல்லிசான மூணுமுள், ரெண்டு செட். மீன் வாயை மூடும்போதே அது தானா ஏறிடும், நீ வெட்டி இழுக்கவே வேண்டாம். அங்கே ஹெவி ராடும் துளிகூட நீளாத பிரெய்டும் இருந்தா, மீன் தலையை உதறற நேரத்தில முள் உதட்டைக் கிழிச்சுக்கிட்டு வெளியே வந்துடும். பக்கத்தில வந்து தப்பிச்ச மீனெல்லாம் பெரும்பாலும் இந்தக் கணக்குதான். பிளாஸ்டிக் புழுவில இருக்கிறது நேர்மாறு: ஒரே முள், தடிச்ச கம்பி, அதுவும் புழுவுக்குள்ளே ஒளிஞ்சிருக்கும். அந்த முள் முதல்ல பிளாஸ்டிக்கைத் தாண்டணும், அப்புறம் தாடையைத் துளைக்கணும். அதுக்கு முதுகெலும்பு உள்ள ராடு வேணும்.

ராடுமேல எழுதியிருக்கிற ரெண்டு வார்த்தையை நீ ஒண்ணாக் குழப்பிக்கிறே. மீடியம், ஹெவிங்கறது பவர், ராடை வளைக்க எவ்வளவு பலம் வேணும்ங்கறது. ஃபாஸ்ட், மாடரேட்ங்கறது ஆக்‌ஷன், எங்கேயிருந்து வளையுதுங்கறது. ஃபாஸ்ட்னா நுனி மட்டும், மாடரேட்னா பாதி ராடு. கைப்பிடிக்கு மேலே பொடி எழுத்தில லூர் 1/4–3/4 அவுன்ஸ், லைன் 12–20 பவுண்டுன்னு போட்டிருக்கும். கடையில எல்லாரும் ராடை ஆட்டிப் பார்ப்பாங்க, அதைப் படிக்கமாட்டாங்க. அந்த எடைக்குக் கீழே போட்டா ராடு வளையாது, லூர் பத்தடியில விழும். ஈயக்குண்டோட எடை மட்டும் கணக்கில்லை, புழுவோட எடையும் சேரும்.

அதனால இப்போதைக்கு ரெண்டு ராடு.

முதல்ல 7 அடி, மீடியம் ஹெவி, ஃபாஸ்ட், பெயிட்காஸ்டர் ரீல், லைன் சுத்தின உருளை (ஸ்பூல்) எறியும்போது தானும் சுழலற வகை. கியர் ஏழுக்குப் பக்கத்தில இருக்கட்டும், அதாவது கைப்பிடி ஒரு சுத்துக்கு ஸ்பூல் ஏழு சுத்து. லைன் 15 பவுண்டு ஃப்ளோரோகார்பன், ஒத்தை இழை பிளாஸ்டிக் நூல். டெக்சாஸ் ரிக் (முள்ளைப் புழுவுக்குள்ளே ஒளிச்சுக் கோக்கறது), ஜிக், ஸ்பின்னர்பெயிட், சாட்டர்பெயிட்னு ஒத்தைமுள் வகை நாலும் இதில ஓடும். ரெண்டாவது 7 அடி, மீடியம், ஃபாஸ்ட், ஸ்பின்னிங் ரீல், எறியும்போது ஸ்பூல் சுழலாம லைன் மட்டும் உருவிக்கிட்டுப் போற வகை. 10 பவுண்டு பிரெய்டு, நுனியில ஆறேழு அடிக்கு 8 பவுண்டு ஃப்ளோரோகார்பன் லீடர். பிரெய்டை ஸ்பூல்ல நேரா சுத்தாதே. அடியில கொஞ்சம் சாதா தங்கூசி சுத்தி அதுமேல ஏத்து. இல்லைன்னா மொத்த லைனும் ஸ்பூல்மேல வழுக்கிச் சுத்தும், டிராக் (மீன் இழுத்தா லைனை விட்டுக்கொடுக்கற அமைப்பு) கெட்டுப்போச்சுன்னு எனக்கு ராத்திரி போன் பண்ணுவே.

க்ராங்க்பெயிட்டுக்குன்னு மூணாவது ராடு உண்டு: மீடியம், மாடரேட், கிளாஸ் ஃபைபர் கலந்தது. அது அப்புறம். அதுவரைக்கும் உன் எட்டில ரெண்டை மட்டும் வெச்சுக்கோ, மூணு நாலு அடி ஆழம் போற ஸ்கொயர்பில். ஸ்பின்னிங் ராடு எடைக்குள்ளே வந்தா அதில எறி, டிராக்கை ஒரு சுத்து தளர்த்தி வை. மரத்தில முட்டித் திரும்பறதுக்குத்தான் அந்தச் சதுர நாக்கு. முட்டாம வந்தா அந்த வீச்சு வீண். நேரா வராம உன் இடது பக்கம் ஓடுச்சுன்னா, மூக்கை உன் பக்கம் பார்க்க வெச்சுப் பிடிச்சு, லைன் கட்டற வளையத்தைக் குறடால மயிரிழை வலது பக்கம் வளை. மயிரிழைன்னா மயிரிழைதான். உன் கை எப்படிப்பட்டதுன்னு ஃபிசிக்ஸ் லேப் அட்டெண்டருக்குத் தெரியும்.

நீ ஃபோர்க் ஏரிக்குப் போறேன்னு எழுதியிருந்தே. பிப்ரவரி கடைசின்னா தண்ணி 55 டிகிரி ஃபாரன்ஹீட் சுத்தி இருக்கும். முட்டையிடறது அறுபதைத் தாண்டி. அதுக்கு முன்னாடி மீன் ஆழத்திலிருந்து கரைப்பக்கம் ஏறிக்கிட்டிருக்கும், புல்லோரமா நிக்கும், நண்டு மாதிரி இருக்கிற க்ராஃபிஷைத் தேடித் தின்னும். அதனால சிவப்பு லிப்லெஸ் (நாக்கு இல்லாத மீன் பொம்மை) ஒண்ணு, 1/2 அவுன்ஸ், உள்ளே குண்டு கிலுகிலுங்கற வகை. உன் பதினொண்ணில கண்ணை மூடிக்கிட்டு வைக்கக்கூடியது அது ஒண்ணுதான். எறி, புல்லு உச்சியைத் தொடற வரைக்கும் முங்க விடு, இழு. புல்லுல சிக்கும், சிக்கணும். ராடை ஒரு வெட்டு வெட்டி விடுவிச்சா, அது துள்ளி வெளியே வர அந்த ஒரு நொடியிலதான் அடி விழும்.

இங்கேதான் நான் மேலே சொன்ன சட்டம் கொஞ்சம் வழுக்குது. முள் மூணுமுள், அப்ப மெத்துன்னு ராடு வேணும். ஆனா புல்லைப் பிய்க்க விறைப்பு வேணும். தேர்ந்தவங்க இதுக்குன்னே மீடியம் ஹெவி, மாடரேட் ஃபாஸ்ட்னு ஒண்ணு வெச்சிருப்பாங்க. நீ முதல் ராடுலயே போடு. அடி விழுந்ததும் ஓங்கி வெட்டாதே, ரீலைச் சுத்திக்கிட்டே ராடைப் பக்கவாட்டில சாய்ச்சுக் கொடு.

மீதி நாளெல்லாம் டெக்சாஸ் ரிக்தான் சோறு போடும். பிளாஸ்டிக் புழுவை 1949-ல நிக் க்ரீம்ங்கறவர் ஒஹையோ ஆக்ரன்ல வீட்டு அடுப்பங்கரையில வார்த்து ஆரம்பிச்சார். அந்தக் கம்பெனி அப்புறம் டெக்சாஸ் டைலருக்கு வந்தது, நீ போற ஏரிக்குப் பக்கத்து ஊர். 1/4 அவுன்ஸ் டங்ஸ்டன் குண்டு, 3/0 அளவு ஆஃப்செட் முள் (கழுத்து வளைஞ்சது), ஏழு அங்குலப் புழு. முள் நுனியைப் புழுத் தலையில கால் அங்குலம் இறக்கிப் பக்கவாட்டில வெளியே எடு. கண்ணு வரைக்கும் இழுத்து முள்ளைத் திருப்பு. புழு பக்கத்தில வெச்சு, முள் வளைவு எங்கே வருதுன்னு அளந்து அந்த இடத்தில குத்தி மறுபக்கம் எடு. நுனியை மேல்தோல்ல லேசா ஒளிச்சு வை. முடிச்சதும் புழு நூல் பிடிச்ச மாதிரி நேரா தொங்கணும். கோணலா இருந்தா தண்ணியில பம்பரமாச் சுத்தி லைனை முறுக்கிடும். புல்லு அடர்த்தியா இருந்தா குண்டுக்கு மேலே ஒரு ரப்பர் ஸ்டாப்பர் போடு, குண்டு ஒரு பக்கம் புழு ஒரு பக்கம் போகாது.

நிறம் பத்தி நாலு கேள்வி கேட்டிருந்தே. தண்ணி தெளிவா இருந்தா க்ரீன் பம்ப்கின், கலங்கலா இருந்தா கறுப்பு நீலம். மிச்சமெல்லாம் மீனைப் பிடிக்கிற நிறமில்லை, மனுஷனைப் பிடிக்கிற நிறம்.

ஸ்பின்னிங் ராடுக்கு அஞ்சு அங்குல சென்கோ, அதாவது குச்சி மாதிரி மெத்துப் புழு, ஒரு பாக்கெட். நடுவில ஒரு ரப்பர் வளையம் (ஓ-ரிங்), அதில 1/0 முள், வேற எதுவும் வேண்டாம். உப்புப் போட்ட பிளாஸ்டிக், எறியற கனம் அதுக்கே இருக்கு. எறிஞ்சிட்டு கையைக் கட்டிக்கோ. ரெண்டு நுனியும் நடுங்கிக்கிட்டே இறங்கும், லைன் பக்கவாட்டில நகர்ந்தா மீன். உன்னால சும்மா இருக்க முடியாதுங்கறது மட்டும்தான் இதில பிரச்சினை.

பெயிட்காஸ்டர் முதல் நாள் உன்னை அழவைக்கும். லூர் தண்ணியில விழுந்து நின்னப்புறமும் ஸ்பூல் சுத்திக்கிட்டே இருந்தா லைன் குருவிக்கூடு கட்டும். ராடை நீட்டிப் பிடிச்சு பட்டனை அமுக்கு, லூர் மெல்ல இறங்கித் தரையைத் தொட்டதும் ஸ்பூல் நிக்கற அளவுக்குப் பக்கத்துத் திருகை இறுக்கு. லூர் மாத்தும்போதெல்லாம் இதைத் திரும்பப் பண்ணணும். ஸ்பூல் பிரேக்கை முக்கால்வாசிக்கு மேலே வை. லூர் தண்ணியைத் தொடறதுக்கு ஒரு இமைப்பு முன்னாடி கட்டைவிரலை ஸ்பூல்மேல வை. எதிர்க்காத்துல எறியாதே. முடிச்சு பாலோமர் போதும், இறுக்கறதுக்கு முன்னாடி எச்சில் தொடு. காய்ஞ்சு இறுகினா ஃப்ளோரோகார்பன் சூட்டில வெந்து, பெரிய மீன் வரும்போது அங்கேயே அறுந்துபோகும்.

இப்ப விளையாட்டு இல்லாம ஒண்ணு. சின்னவனைக் கூட்டிட்டுப் போறேன்னு எழுதியிருந்தே. மரத்தில சிக்கின மூணுமுள்ளை ராடை வளைச்சுப் பலமா இழுத்தா, விடுபடற நொடியில அது நேரா இழுக்கறவன் முகத்துக்குத்தான் வரும். ரெண்டு பேரும் கண்ணாடி போடாம ஒரு லூரும் கட்டாதே. சிக்கினா ராடைத் தண்ணிப்பக்கம் நீட்டி லைனைத் தளர்த்தி ஆட்டிப் பாரு, இல்லைன்னா படகை அந்தப் பக்கமே கொண்டுபோ. விரல்ல முள் ஏறினா முதல்ல லூரை லைன்லேர்ந்து வெட்டி விடு. கண்ணுப் பக்கம்னா நீ தொடவே தொடாதே, அப்படியே அசையாம வெச்சு எமர்ஜென்சிக்குப் போ. படகு ஓடும்போது லைஃப் ஜாக்கெட், 13 வயசுக்குக் கீழே இருக்கிறவங்களுக்கு அங்கே சட்டமே உண்டு. அவனுக்கு, நுனிக்குப் பின்னாடி இருக்கிற எதிர்முள்ளை நசுக்கின ஒத்தைமுள் சென்கோ கொடு, மூணுமுள் வேண்டாம். இதில என்கிட்ட வாதாடாதே.

தங்கச்சி குழம்பு வைக்கக் காத்திருக்குன்னு சொன்னே. ஃபோர்க்ல 16-லேர்ந்து 24 அங்குலம் வரைக்கும் உள்ள பாஸை வெச்சுக்கக்கூடாது, அளந்து விட்டுடணும். குழம்புன்னா அந்தப் பதினாறுக்குக் கீழேதான், மீன்முள் எடுக்கற வேலை அதிகம்னு சொல்லிடு. பெரிசா ஒண்ணு வந்தா உதட்டை மட்டும் பிடிச்சுத் தொங்கவிட்டுப் படம் எடுக்காதே, தாடை பிசகிடும். வயித்துக்கு அடியில இன்னொரு கை கொடு.

லூர் லூர்னு இவ்வளவு எழுதியிருக்கேன். பாஸ் மீனுக்கு டெக்சாஸ் ரெக்கார்டு 18.18 பவுண்டு, அதே ஃபோர்க்ல, 1992 ஜனவரியில. அந்த ஆள் க்ராப்பி மீனுக்குச் சின்ன உயிர்மீனைக் கோத்துப் போட்டிருந்தார். இதைப் படிச்சிட்டு நீ மண்புழு தோண்டக் கிளம்பாதே.

ஒரு விஷயம். உன் கார்ட்ல இருக்கிற அந்த ஹெவி ராடும் 65 பவுண்டு பிரெய்டும் தப்பான சாமான் இல்லை. அது தவளை ராடு. ஜூலையில புல்லு மேலே பாய் விரிச்ச மாதிரி மூடினப்புறம், அதுமேல ரப்பர் தவளையை நடக்கவிடறதுக்கு. நம்ம ஊர்ப் பையனுங்க இப்ப விராலுக்கு எறியறாங்களே, அதே தவளை. பாசி வெடிச்சுத் தண்ணி தெறிச்சதும் உடனே வெட்டாதே, லைன் கனக்கற வரைக்கும் பொறு. விராலுக்குப் பொறுக்காத ஆள் நீ, பாஸுக்கு எங்கே பொறுக்கப்போறே. அதனால அந்த ராடைக் கார்ட்லேர்ந்து தூக்காம ஓரமா சேவ் பண்ணி வை. ஜூலையில நான் வரேன், அப்ப வாங்கினா போதும். ரீல்ல லைனை நானே ஏத்தித் தரேன்.

லைசென்ஸ் எடுத்தாச்சான்னு ஒரு வரி எழுது.

உன்,
கடைசி பெஞ்சு

பி.கு.: ராடு உடையறது மீன்கிட்ட இல்லை, கார் கதவுல. நுனி உள்ளே வர மாதிரி வெச்சிட்டு அப்புறம் மூடு. மீனைத் தூக்கும்போதும் ராடைத் தலைக்கு மேலே நட்டு நிறுத்தாதே, கிராஃபைட் நுனி பட்டுனு போயிடும்.