இழை எடுக்க வரும்போது மகளையும் கூட்டி வா

கானாடுகாத்தான்
கார்த்திகை 8

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் தாமதமானதற்குக் கொத்தனார்தான் காரணம். ஐப்பசி மழையில் இரண்டாங்கட்டு ஓடு நாலு இடத்தில் விலகி, வளவு முழுக்க அண்டாவும் குண்டானுமாக வைத்திருந்தோம். ஓடு மாற்றலாம் என்றால் வீட்டில் பதினோரு புள்ளிக்கு, அதாவது பதினோரு குடும்பத்துக்கு, பங்கு. இரண்டு பேர் சிங்கப்பூர், ஒருவர் பெங்களூர், ஒருவர் போனே எடுப்பதில்லை. எல்லோரிடமும் "சரி" வாங்குவதற்குள் மழையே நின்றுவிட்டது. ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டு டில்லிக்கு எழுதுவதே இதைவிட எளிது என்று உன் தங்கச்சியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். சின்னவள் எம்.ஃபார்ம் முடித்ததும் பிஎச்.டி.க்குப் போகிறேன் என்கிறாள், அதுவும் ரத்தக்குழாயில்தான் செய்வேன் என்கிறாள், விடலாமா என்று கேட்டிருந்தாய். அவள் தலையில் இதை ஏற்றியவன் நான்தான் என்று ஆச்சி திட்டுவதாகவும் எழுதியிருந்தாய். இருக்கலாம். ஆனால் அவளிடம் நான் சொன்னதெல்லாம் நல்ல பகுதிகள். மீதியை உனக்கு எழுதுகிறேன்.

சின்ன வயதில் சைக்கிளை எடுத்துக்கொண்டு காரைக்குடி சிக்ரி, அந்த மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தின் வாசல் வரைக்கும் போவோமே, ஞாபகம் இருக்கிறதா? வள்ளல் அழகப்பர் 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுக்க, 1953-இல் திறக்கப்பட்ட இடம். அங்கே வேலை பார்த்தவர்கள்தான் நான் முதலில் பார்த்த விஞ்ஞானிகள். சட்டைப் பையில் பேனா, கேரியரில் சாப்பாட்டு அடுக்கு. விஞ்ஞானி என்றால் மாதச் சம்பளம் உண்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று அப்போது முடிவு செய்தேன். இரண்டுமே பாதிதான் உண்மை.

இந்தத் தொழில் எப்படி என்று உனக்குப் புரிய வேண்டுமானால் நம் ஐயாக்கள் பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வட்டிக்கடைத் தொழில் செய்ய, போனதை நினைத்துக்கொள். மூன்று வருஷம் ஒரு கணக்கு. பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, மேலாளாக வேண்டும். கணக்கு முடிந்தால் ஊர் வந்து, அடுத்த கணக்குக்கு யார் கூப்பிடுகிறார்கள் என்று காத்திருக்க வேண்டும். நான் போனதும் அப்படித்தான். பிஎச்.டி.க்கு ஐந்து வருஷம், ஜப்பானில் ஒரு கணக்கு, கனடாவில் ஒரு கணக்கு. 1999-இல் ஊர் திரும்பி விரிவுரையாளராகச் சேரும்போது எனக்கு 37 வயது. நீ அதற்குள் பேங்கில் மேனேஜர் ஆகி வீடே கட்டிவிட்டாய். ஐயாவுக்காவது முதலாளி செட்டியார் லாபத்தில் பங்கு கொடுத்தார்.

படித்த காலத்தில் எங்கள் கல்லூரியில் கைமோகிராஃப்தான். சுழலும் உருளையில் பளபளப்புத் தாளைச் சுற்றி, விளக்குப் புகையில் காட்டிக் கரி ஏற்றுவோம். கோழிக் குடல் துண்டு சுருங்கும்போது ஊசி அந்தக் கரியைக் கீறி வெள்ளைக் கோடு போடும். அதை வார்னிஷில் முக்கிக் காயவைத்தால்தான் ரெக்கார்டு. ராத்திரி மெஸ்ஸுக்குப் போனால் மூக்குத்துவாரம் கறுப்பாக இருக்கும். எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அப்புறம் 1988-இல் பிஎச்.டி. எலியின் மகாதமனியை, இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயை, எடுத்து, மேலே ஒட்டியிருக்கும் கொழுப்பை நீக்கி, மூன்று மில்லிமீட்டர் அகலத்துக்கு மோதிரம் மோதிரமாக நறுக்க வேண்டும். ஒவ்வொன்றையும் இரண்டு கம்பிக் கொக்கியில் மாட்டி, 37 டிகிரி உப்புக்கரைசலில் தொங்கவிட்டு, கீழிருந்து ஆக்சிஜன் குமிழ் விட வேண்டும். ஒரு மணி நேரம் அது நிதானத்துக்கு வரும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், நடுவில் கால் மணிக்கொரு தரம் கரைசல் மாற்ற வேண்டும். பிறகு ஃபினைல்எஃப்ரின் விட்டால் மோதிரம் இறுகும். இறுகியதன் மேல் அசிட்டைல்கோலின் விட்டால் தளர வேண்டும். தளரும் அளவை வைத்துத்தான் குழாய் நன்றாக இருக்கிறதா இல்லையா என்று சொல்வோம்.

என் மோதிரங்கள் தளரவே இல்லை. சர்க்கரை நோய் உண்டாக்கிய எலியிலும் இல்லை, நல்ல எலியிலும் இல்லை. எட்டு மாதம். மருந்து பழசாகிவிட்டதென்று புது பாட்டில் வாங்கினேன், தண்ணீரை மாற்றினேன், எலி வரும் இடத்தை மாற்றினேன். ஒருநாள் என் பேராசிரியர் பின்னால் வந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். "வாழைத்தண்டுக்கு நார் எடுக்கிறீரா?" என்றார், அவ்வளவுதான், போய்விட்டார். இடுக்கியின் முனையை மோதிரத்துக்குள் விட்டுச் சுழற்றிக் கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தேன். குழாயின் உள்பக்கம் ஒரே ஒரு செல் கனத்தில் படர்ந்திருக்கும் உள்தோல்தான் எண்டோதீலியம். எட்டு மாதமாக அதை வழித்துப் போட்டுவிட்டு, ஏன் தளரவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

இதில் வெட்கம் என்னவென்றால், அந்தக் கதை எனக்கு மனப்பாடம். நியூயார்க் புரூக்ளினில் ராபர்ட் ஃபர்ச்காட் என்று ஒரு விஞ்ஞானி. முயலின் மகாதமனித் துண்டு அசிட்டைல்கோலின் பட்டால் சுருங்கும் என்று 1953-இலேயே எழுதியவர். 1978-இல் அவருடைய உதவியாளர் டேவிட் டேவிட்சன் ஒருநாள் சோதனையின் வரிசையை மாற்றிச் செய்துவிட்டார். ஏற்கெனவே இறுக்கிவைத்த மருந்தைக் கழுவாமல் அடுத்ததை விட்டுவிட, துண்டு தளர்ந்தது. திட்டிவிட்டு மறுபடி செய்யச் சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர் ஏன் என்று துருவினார். முன்பெல்லாம் துண்டு தயாரிக்கும்போது உள்பக்கம் உரசிப்போயிருந்தது என்று தெரிந்தது. உள்தோல் இல்லாத துண்டின் மேல் உள்தோல் உள்ள துண்டை முகத்தோடு முகமாக வைத்துப் பார்த்தார், அப்போது அதுவும் தளர்ந்தது. ஏதோ ஒரு சரக்கு இங்கிருந்து அங்கே கசிகிறது என்று 1980-இல் எழுதினார். நாம் பிளஸ் டூ முடித்த வருஷம். அது நைட்ரிக் ஆக்சைடு என்று தெளிவாக இன்னும் ஏழு வருஷம் ஆனது. இதையெல்லாம் நேர்முகத் தேர்வில் கடகடவென்று ஒப்பித்துத்தான் இடமே வாங்கினேன். வாய்க்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை.

1998-இல் அவருக்கும், இதே விஷயத்தில் வேலை செய்த இக்னாரோவுக்கும் முராதுக்கும் நோபல் பரிசு. ஃபர்ச்காட்டுக்கு அப்போது 82 வயது. நான் கனடாவில் பனியில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். உன் அப்பச்சி நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்வாரே ஸார்பிட்ரேட் மாத்திரை, அதுவும் உடம்புக்குள் போய் இதே நைட்ரிக் ஆக்சைடைத்தான் கொடுக்கிறது. நோபலே வெடிமருந்து செய்த நைட்ரோகிளிசரினை அவருடைய கடைசிக் காலத்தில் டாக்டர்கள் அவருக்கே மருந்தாக எழுதிக் கொடுத்தார்கள். ஏன் வேலை செய்கிறது என்று தெரியாமலே நூறு வருஷம் கொடுத்திருக்கிறார்கள்.

கையைச் சரிசெய்துகொண்ட பிறகு என் வேலை நன்றாகவே போனது. சர்க்கரை எலியின் மோதிரம் பாதிதான் தளரும். ஆனால் தானே நைட்ரிக் ஆக்சைடைத் தரும் நைட்ரோபிரஸைடு விட்டால் நல்ல எலி மாதிரியே தளரும். அப்படியென்றால் தசை கெடவில்லை, அதற்கு வரவேண்டிய சேதி வரவில்லை. சர்க்கரை ஏறிக்கிடந்தால் சூப்பர்ஆக்சைடு என்கிற வீரியமான ஆக்சிஜன் வடிவம் அதிகமாகப் பிறந்து, நைட்ரிக் ஆக்சைடைப் பிறந்த இடத்திலேயே பிடித்துக்கொள்கிறது. அதைத் தடுக்கும் பொருளைக் கரைசலில் கலந்தால் மோதிரம் மறுபடி அழகாகத் தளரும். அந்தக் கோடு இறங்குவதை நீ பார்த்திருக்க வேண்டும். வைட்டமின் ஈயும் அந்த வகைதான் என்பதால், வைட்டமின் மாத்திரையிலேயே மாரடைப்பைத் தடுத்துவிடலாம் என்று எங்களில் பாதிப் பேர் நம்பினோம். நானும் அதையே திட்டமாக எழுதிக்கொண்டுதான் ஊர் திரும்பினேன்.

2000 ஜனவரியில் ஹோப் என்கிற பெரிய மருத்துவச் சோதனையின் முடிவு வந்தது. 9,000 பேருக்கு மேல், நாலரை வருஷம். வைட்டமின் ஈ சாப்பிட்டவர்களுக்கும் வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. நான் வேலையில் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அதே சோதனையில் இன்னொரு மருந்து ஜெயித்தது, ராமிப்ரில். நீ காலையில் காபிக்கு முன்னால் போடுகிறாயே, அது. நான் நம்பியது தோற்றது, நீ பிழைத்தாய். கணக்கு நேராகிவிட்டது என்று வைத்துக்கொள்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், எனக்கே அலுத்த கதை. வாரத்துக்குப் பதினாறு மணி நேரம் பாடம், விடைத்தாள், ஆய்வுக்குழு வருகிறதென்றால் சுவருக்கு வெள்ளை. ஒரு இடத்தில் என் பதவி உயர்வுக் கோப்பு நாலு வருஷம் தொலைந்திருந்தது, அலமாரிக்குப் பின்னால் விழுந்துவிட்டதாம். கருவி பழுதானால் ஆள் வர மூன்று மாதம். நடுவில் எட்டுப் பேர் என்னிடம் பிஎச்.டி. முடித்தார்கள். மருந்து ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. அது நடக்கும் என்று அவள் நினைத்தால் இப்போதே சொல்லிவிடு.

ஆனாலும் விட்டுவிடு என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஆறு மோதிரம் ஆறு கோடாக இறுகி நிற்கும் அந்தப் பதினைந்து நிமிஷம், இந்த வேலையில் எனக்கு வேண்டியதே அதுதான். அது பிடிக்காதவர்களுக்கு மற்றதையெல்லாம் தாங்க ஒரு காரணமும் இல்லை. அதனால் அவளிடம் மார்க் என்ன, வழிகாட்டி யார் என்று கேட்டுக்கொண்டிருக்காதே. உட்கார முடிகிறதா என்று பார்.

ஒன்று செய்வோம். பிள்ளையார் நோன்புக்கு இழை எடுக்க, அந்தத் திரி ஏற்றிய மாவை வாயில் போட்டுக்கொள்ள, இங்கேதானே வருகிறாய், அவளையும் கூட்டி வா. நோன்புக்கு மறுநாள் கறிக்கடையில் சொல்லி ஒரு ஆட்டு மகாதமனி வாங்கிவைக்கிறேன். முகப்பில் வெளிச்சம் நன்றாக இருக்கிறது. பெட்டியில் என் பழைய இடுக்கியும் கத்தரியும் துருப்பிடிக்காமல் இருக்கின்றன. உள்தோல் படாமல் பத்து மோதிரம் நறுக்கட்டும், நீயும் நானும் திண்ணையில் இருப்போம், கிட்டேயே போகக்கூடாது. உன் தங்கச்சிக்கு இப்போதே சொல்லவேண்டாம், ஆத்தங்குடித் தரைக்கல்லில் ரத்தம் பட்டால் என்னைக் கொன்றுவிடுவாள்.

நடக்கிறாயா? ரத்தம் வேகமாக ஓடும்போதுதான் அந்த உள்தோல் நைட்ரிக் ஆக்சைடை அதிகமாக விடும். கால் மரத்துப்போகிறது என்று எழுதியிருந்தாய். ராத்திரி படுக்கும்முன் பாதத்தை விளக்கு வெளிச்சத்தில் பார்த்துக்கொள், டாக்டரிடமும் காட்டு.

வரும் தேதியை முன்கூட்டியே போனில் சொல். கறிக்கடைக்காரர் விடியற்காலை ஐந்து மணிக்கே வெட்டிவிடுகிறார், பிந்தினால் அந்தக் குழாயை நாய்க்குப் போட்டுவிடுவார்.

அன்புடன்
உன் மச்சான்