பைப்பின் நடுவில் மட்டும் அளந்தால்

ஆசிரியருக்கு வணக்கம்.

ராசிபுரம் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் பதினாறு வருடமாகப் பாய்ம இயக்கவியல் (தண்ணீர், காற்று போன்றவை ஓடும் விதம் பற்றிய பாடம்) நடத்துகிறேன். பிள்ளைகள் வாயில் அது எஃப்.எம்.; அரியர் வைப்பதற்கென்றே வந்த பாடம் என்பார்கள்.

‘குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடத் தயக்கம் உண்டா?’ என்று உங்கள் இணையப் பக்கத்தில் கேட்டுவிட்டு, திங்கட்கிழமை தாளில் ‘மக்களில் பாதிப் பேருக்குத் தயக்கம்’ என்று தலைப்புப் போட்டிருந்தீர்கள். ஆயிரக்கணக்கானோர் வாக்களித்தார்கள் என்பதுதான் அதற்கு அத்தாட்சி.

அன்று மதியம் எனக்கு மூன்றாம் செமஸ்டர் லேப். ஒரு மாணவன் பிட்டோ குழாயை (ஓட்டத்தின் வேகம் அளக்கும் சிறு குழாய்) பைப்பின் நடுவில் வைத்து வேகத்தை அளந்து, பைப்பின் குறுக்குப் பரப்பால் பெருக்கி, இவ்வளவு தண்ணீர் போகிறது என்று எழுதியிருந்தான். கலெக்டிங் டேங்க்கில் தண்ணீரைப் பிடித்து ஸ்டாப்வாட்ச்சில் நேரம் பார்த்தால் அவன் கணக்கு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அதிகம். “பத்து ரீடிங் எடுத்து ஆவரேஜ் போட்டேன் மேம், பத்தும் ஒத்துப்போகுது” என்றான். ஒத்துப்போகத்தான் செய்யும், பத்தும் ஒரே இடத்தில் எடுத்ததாயிற்றே. சுவரை ஒட்டிய தண்ணீர் நகர்வதே இல்லை. நடுவில்தான் ஓட்டம் அதிகம். எங்கள் லேப் பைப்பில் நடுவேகம் சராசரியைப் போல 1.2 மடங்கு இருக்கும். எண்ணெய் மாதிரி அடுக்கடுக்காக அமைதியாக ஓடினால் சரியாக 2 மடங்கு. பிட்டோ குழாய் பொய் சொல்லவில்லை, அதை வைத்த இடம்தான் தப்பு. நூறு ரீடிங் எடுத்தாலும் அது திருந்தாது. உங்கள் வாக்கெடுப்பிலும் இதே கதைதான்.

அமெரிக்காவில் இதுவே பெரிய அளவில் நடந்தது. கொரோனா காலத்தில் ஃபேஸ்புக் வழியாக வாரத்துக்குச் சுமார் 2,50,000 பேரிடம் கேட்டு ஒரு ஆய்வு நடத்தினார்கள். 2021 மே மாதக் கணக்குப்படி, கொரோனா தடுப்பூசி முதல் டோஸ் போட்டவர்களை அது உண்மையைவிட 17 சதவீதப் புள்ளிகள் கூட்டிக் காட்டியது. அதே சமயம் ஆயிரம் பேரை மட்டும் கேட்ட ஆக்சியோஸ் (செய்தித் தளம்)–இப்சோஸ் (கருத்துக்கணிப்பு நிறுவனம்) ஆய்வு உண்மைக்கு மிக அருகில் வந்தது. அந்தச் சின்ன ஆய்வை நடத்தியவர்கள், தானாக வந்தவர்களை எடுக்காமல், ஆட்களைக் குலுக்கல் முறையில் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். இணையம் இல்லாத வீட்டுக்கு டேப்லெட்டும் கொடுத்தார்கள். இந்த ஒப்பீடு ‘நேச்சர்’ அறிவியல் இதழில் வந்திருக்கிறது. அங்கே கூட்டிக் காட்டியது இங்கே குறைத்தும் காட்டலாம். எந்தப் பக்கம் சாயும் என்று முன்கூட்டித் தெரியாது, அதுதான் தலைவலி.

என் அக்கா கிராம சுகாதார செவிலியர். 2017 பிப்ரவரியில் தட்டம்மை–ரூபெல்லா ஊசி முகாம் தொடங்கியபோது, அந்த ஊசிக்கு எதிரான வாட்ஸ்அப் ஆடியோக்களை எங்கள் குடும்ப குரூப்பிலேயே மூன்று பேர் தள்ளிவிட்டார்கள். மூன்று பேரும் சத்தமில்லாமல் தங்கள் பிள்ளைகளுக்கு ஊசி போட்டுக்கொண்டார்கள் என்பது தனிக்கதை. அக்காவிடம் முடியாது என்று நின்றவர் ஒரு பாட்டி. மகளும் மருமகனும் செங்கல் சூளையில். “ஊசி போட்டா காச்ச வரும். ராத்திரி காச்ச வந்தா நான் ஒருத்தி என்ன பண்ணுவேன்?” என்றாராம். கையில் பட்டன் போன். உங்கள் வாக்கெடுப்பில் அவர் ‘ஆம்’மா, ‘இல்லை’யா?

கேள்வி கேட்பதை நிறுத்தச் சொல்லவில்லை. ‘மக்களில்’ என்பதை எடுத்துவிட்டு ‘எங்கள் பக்கத்தில் கிளிக் செய்தவர்களில்’ என்று போடுங்கள், போதும். அப்புறம், நிஜமாகவே தெரிய வேண்டுமென்றால் ஒரு நிருபரை அனுப்புங்கள். தடுப்பூசி நாளான புதன்கிழமை வேண்டாம், அன்று வருகிறவர்களுக்குத் தயக்கம் இருக்காது. வராத குழந்தைகளின் வீடுகளுக்கு அக்கா வியாழக்கிழமை வண்டியில் போவார். பின் சீட் காலிதான்.

இப்படிக்கு,
பொறியியல் கல்லூரி ஆசிரியை,
ராசிபுரம்.