கொழும்பு கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு கடிதம்

அன்பின் வசந்தி,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று அறிந்து நிம்மதி. இங்கே எல்லோரும் நல்ல சுகம். தம்பியின் மகளுக்குப் பேராதனையில் கம்பஸ் கிடைத்திருக்கிறது.

உங்கள் நெதர்லாந்தில் பெற்றோருக்குக் கொடுத்த பிள்ளைப் பராமரிப்பு உதவிப்பணத்தைப் பற்றி நீ எழுதியது மனதை விட்டுப் போகவில்லை. ஒரு கையெழுத்து விடுபட்டால்கூட மோசடிக்காரர் என்று சொல்லி ஆயிரக்கணக்கான யூரோவைத் திருப்பிக் கேட்டிருக்கிறார்கள். யாரைச் சந்தேகிப்பது என்று புள்ளி போட்ட கணினி, டச்சுக் குடியுரிமை இல்லாததையும் கணக்கில் எடுத்திருக்கிறது. 2021 ஜனவரியில் பிரதமர் ரூட்டேயின் அரசாங்கம் பதவி விலகியது சரி. பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டுபோன ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் காலத்தை யார் திருப்பிக் கொடுப்பது?

எங்களுக்கும் இப்போது புள்ளிதான். 2023 ஜூலையில், வறிய குடும்பங்களுக்கான சமுர்த்தி உதவித்தொகைக்குப் பதிலாக அஸ்வெசும என்ற புதிய உதவித்திட்டம் வந்தது. கல்வி, சுகாதாரம், வருமானம், சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்று ஆறு பக்கத்தால் 22 குறிகாட்டிகள் வைத்து, நான்கு வகையாகப் பிரித்து, தொடக்கத்தில் மாதம் 2,500 ரூபாய் முதல் 15,000 வரை கொடுத்தார்கள். முன்பு கட்சிக்காரரின் தயவு தேவைப்பட்டதை நீயும் பார்த்திருக்கிறாய். முகம் பாராத கணக்கு வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன்.

ஆனால் இந்தப் புள்ளியில் கீழே தள்ளப்பட்ட பின்தோட்டத்துச் செல்வி கரண்ட் பில்லைக் கொண்டுவந்து காட்டினாள். மூன்று வீட்டுக்கு ஒரே மீட்டர். பில் இவளுடைய பெயரில் வரும். மற்ற இரண்டு வீட்டாரும் மாதக் கடைசியில் காசைக் கையில் கொடுப்பார்கள். பில்லைப் பார்த்தால் வசதியான வீடு. வாசலில் ஓட்டோவும் நிற்கிறது, லீசிங் கட்ட முடியாமல், டயரில் காற்றும் இல்லாமல். "அக்கா, இதையெல்லாம் எந்தக் கட்டத்தில் எழுதுறது?" என்று கேட்டாள். அப்படியொரு கட்டமே இல்லை.

அவளிடம் இனத்தைக் கேட்டுப் புள்ளி போடத் தேவையில்லை. மீட்டரைப் பங்குபோட்டு ஒண்டிக் குடியிருக்கும் கொழும்புத் தோட்டங்களில், அதாவது நெருக்கமான குடியிருப்புகளில், யார் அதிகம் என்று உனக்குத் தெரியும். மலையகத்துத் தேயிலைத் தொழிலாளரின் லயங்களில், அந்த வரிசை வீடுகளில், பல குடும்பங்களுக்குச் சொந்த முகவரியே கிடையாது. கேள்விகளைத் தயாரித்தவர்கள் மனதில் ஒரு வீட்டுக்கு ஒரு குடும்பம், ஒரு மீட்டர். அதற்குள் அடங்காதவர்களுக்குப் புள்ளி பிழைக்கத்தான் செய்யும். உங்கள் ஊரில் குடியுரிமை செய்த வேலையை இங்கே மின்மீட்டரே செய்துவிடலாம்.

மேன்முறையீடு செய்ய வழி இருக்கிறது. ஆனால் எந்தக் குறிகாட்டி தன்னைக் கீழே தள்ளியது என்று தெரியாமல் அவள் எதை மறுப்பாள்? 2020 பெப்ரவரியில் உன் ஹேக் நீதிமன்றம் உதவிப்பண மோசடியைத் தேடும் சிரி (SyRI) என்ற அரசாங்க மென்பொருளை நிறுத்தியபோது, அது எப்படி முடிவெடுக்கிறது என்று யாராலும் பார்க்க முடியவில்லை என்பதும் ஒரு முக்கிய காரணம். அந்தத் தீர்ப்பை எங்கள் அதிகாரிகளும் படிக்க வேண்டும்.

2016ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் செல்விக்காக ஒரு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு குறிகாட்டிக்கும் எத்தனை புள்ளி, அவளுக்கு எங்கே எவ்வளவு விழுந்தது, கூட்டு மீட்டரை எப்படிக் கணக்கெடுக்கிறார்கள் என்று மூன்றே கேள்வி. அங்கே பெற்றோர் தங்கள் கோப்பைக் கேட்டபோது வரிக்கு வரி கறுப்பு மையால் மறைத்துக் கொடுத்தார்களாமே. அவர்கள் அதற்கு அப்புறம் எப்படிக் கேட்டார்கள் என்று தெரிந்தவர் யாராவது இருந்தால் விசாரித்து எழுது. செல்வியை அடுத்த கிழமை பிரதேச செயலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

அன்புடன்,
மலர்